அரை டிக்கெட்டின் முழு எடை

பள்ளித் தேர்வுகள் முடியும் நேரத்தில் கூட்டுக் குடும்பங்களில் ஒரு சர்வகட்சிக் கூட்டம் நடக்கிறது. தாத்தா, பாட்டி, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள், அவர்களது துணைகள், பிள்ளைகள் என்று தலையெண்ணினால் பதினாறு, பதினெட்டு தேறும். பெரியவர்களுக்கு வழியில் ஒரு கோயில் வேண்டும். மருமகள்களுக்கு நான்கு நாள் அடுப்பு பற்றவைக்காத இடம் எதுவானாலும் சரி. பிள்ளைகளின் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர். அதிலும் படகு.

சமீப ஆண்டுகளில் இந்தக் கூட்டத்தில் கப்பலும் பேசப்படுகிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா சொகுசுக் கப்பல் கிளம்பிய பிறகு, கடல் சுற்றுலா என்பது வெளிநாட்டு மாப்பிள்ளைகளின் பேச்சாக மட்டும் இல்லை. ஆனால் ஓர் ஆளுக்கான கட்டணத்தைப் பதினாறால் பெருக்கியதும் கூட்டத்தில் அமைதி நிலவுகிறது. ஓர் அறைக்கு அதிகபட்சம் மூன்று நான்கு பேர் என்பதால் நான்கைந்து அறைகள் வேண்டும். அவை அடுத்தடுத்துக் கிடைக்க மாதக்கணக்கில் முன்பதிவு செய்யவேண்டும். ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தையைப் பெரும்பாலான கப்பல் கம்பெனிகள் ஏற்றுவதில்லை. கப்பல் இலங்கையைத் தொடுவதென்றால் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தனி பாஸ்போர்ட். கடைசியில் யாரோ ஒருவர் "மூணாறு போகலாம், அங்கேயும் படகு இருக்கு" என்கிறார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறுகிறது.

நல்ல தீர்மானம்தான். கப்பலில் குடும்பத்துக்காகக் கம்பெனி செய்துவிடுகிற சில காரியங்களை மலையேறிப் போகிற குடும்பம் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் விஷயம். 2012 ஜனவரி 13ஆம் தேதி இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகளுக்கு ஆபத்து நேர ஒத்திகை இன்னும் நடந்திருக்கவில்லை. அதன் பிறகு சர்வதேச விதி திருத்தப்பட்டது. புதுப் பயணிகளுக்குக் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடத்தவேண்டும். பயணிகள் எண்ணிக்கையில் குறைந்தது 10 சதவிகிதம் குழந்தைகளுக்கான உயிர்க்காப்பு உடைகள் இருக்கவேண்டும். குழந்தைகள் அதற்கு மேல் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று வேண்டும். அணைக்கட்டில் ஓடும் இருபது பேர் படகில் இந்தக் கணக்கைப் போட ஆள் கிடையாது. போடவேண்டியவர் அப்பாவோ சித்தப்பாவோதான்.

முதலில் மலை. தேனிப் பக்கமிருந்து போகிறவர்களுக்குப் போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். 2023 ஜூனிலிருந்து போடிநாயக்கனூர்வரை மீண்டும் ரயில் போவதால் பிள்ளைகள் இரவெல்லாம் தூங்கி எழுந்து காலையில் மலையேறலாம். காலி வயிறும் ஆகாது, பூரி கிழங்கும் ஆகாது; இட்லி போதும். உடுமலைப்பேட்டை வழியாக வருகிறவர்கள் சின்னாறு காட்டைப் பகலிலேயே கடந்துவிட வேண்டும். எந்த வழியானாலும் மலையேறிய அன்றே படகுத்துறைக்கு ஓடுவதில் பயனில்லை. வாந்தியெடுத்துக் களைத்த குழந்தை படகில் அழும், இல்லையென்றால் தூங்கும். இரண்டுக்கும் டிக்கெட் ஒரே விலை.

மூணாறிலிருந்து 13 கிலோமீட்டரில் மாட்டுப்பட்டி அணை. 1950களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. இது மின்சாரத்துக்காகத் தேக்கிய தண்ணீர். படகு பிற்பாடு வந்த விருந்தாளி. அதனால்தான் நம் பிள்ளைகளுக்கு விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில் நீர்மட்டம் இறங்கி, படகுத்துறைக்குச் சேற்றுச் சரிவில் நடக்கவேண்டி வரலாம். ஜூனில் பருவமழை தொடங்கிவிட்டால் எச்சரிக்கை நாட்களில் படகுகளை நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் மேலே குண்டளை அணையில் மிதி படகும் துடுப்புப் படகும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு விரைவுப் படகைவிட இதுவே பொருத்தம். சத்தமில்லை, அவசரமில்லை, ஒரு படகில் நாலைந்து பேர்தான்.

மாட்டுப்பட்டி ஓரத்தில் காட்டு யானைகள் வருவதுண்டு. ரஜினி படத்தின் பெயரால் படையப்பா என்று அழைக்கப்படும் கொம்பனுக்கு மூணாறில் எந்த நடிகருக்கும் குறையாத ரசிகர் கூட்டம். யானை கரையில் தெரிந்தால் படகில் என்ன நடக்கும்? எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நிற்பார்கள். பெரிய குடும்பமென்றால் பதினாறு பேரும் ஒரே குரலில் கத்திக்கொண்டு எழுந்து நிற்பார்கள்.

மூணாறிலிருந்து 90 கிலோமீட்டரில் உள்ள தேக்கடிக்கு இது பழைய கதை. 2009 செப்டம்பர் 30ஆம் தேதி மாலை, கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரட்டை அடுக்குப் படகு பெரியாறு ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு. தண்ணீரில் இறங்கிச் சில வாரங்களே ஆன புதுப் படகு அது. ஏற்றவேண்டிய அளவைவிடக் கூடுதலாக ஆட்களை ஏற்றியிருந்தது. பயணிகள் உயிர்க்காப்பு உடை அணிந்திருக்கவில்லை. கரையில் விலங்குகளைப் பார்க்க ஒரு பக்கமாக நகர்ந்தார்கள் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். இப்போது தேக்கடியில் உடையை மாட்டிக்கொண்டு இருக்கையில் உட்காராமல் படகு கிளம்புவதில்லை. அதற்கும் முன்னால், 2007 பிப்ரவரி 20ஆம் தேதி, மூணாறு சாலையிலிருந்து சற்று விலகியிருக்கும் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலாப் படகு மூழ்கி மாணவர்களும் ஆசிரியர்களுமாக 18 பேர் போனார்கள்.

ஆனால் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் நினைவில் வைக்கவேண்டிய தேதி 2023 மே 7. ஞாயிற்றுக்கிழமை, கோடை விடுமுறை. மலப்புறம் மாவட்டம் தானூரில், பூரப்புழா ஆறு கடலில் சேருமிடத்தில், உல்லாசப் படகொன்று மாலை மயங்கிய பிறகு கிளம்பிக் கவிழ்ந்தது. மீன்பிடிப் படகாக இருந்ததை மாற்றியமைத்தது அது. 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். 11 பேர் ஒரே குடும்பம்.

இந்தப் பதினொன்று என்ற எண்ணைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். எல்லோரும் ஒன்றாக ஒரே படகில் போகவேண்டும் என்பது பெரிய குடும்பத்தின் ஆசை. சண்டை சச்சரவெல்லாம் மறந்து வந்திருக்கும்போது யாரை விட்டுவிட்டுப் போவது? படகுக்காரருக்கும் அதில் லாபம்: ஒரே நடை, ஒரே பேரம். பேரத்தில் குழந்தைகள் காணாமல் போய்விடுகிறார்கள். மூன்று வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை, பத்து வயதுக்குக் கீழே அரை டிக்கெட் என்கிற ரீதியில் பேசி முடிக்கும்போது, பதினாறு தலைகள் பதினோரு டிக்கெட்டாகச் சுருங்கிவிடும். பேருந்தில் இதனால் கெடுதல் இல்லை, யாரோ மடியில் வைத்துக்கொள்வார்கள். தண்ணீரில் அரை டிக்கெட்டுக்கு முழு எடை. மடியில் இருக்கும் பிள்ளைக்கு இருக்கையும் இல்லை, பெரும்பாலும் உயிர்க்காப்பு உடையும் இல்லை. படகின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணோடு டிக்கெட்டுகளை ஒப்பிட்டுப் பயனில்லை, தலைகளை எண்ணவேண்டும். ஆசை ஒரு பக்கம் இருக்க, இரண்டு படகாகப் பிரிவதே மேல். முடிந்தால் ஒவ்வொரு படகிலும் நீந்தத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கட்டும்.

உடையும் அப்படித்தான். பெரியவர் உடையைக் குழந்தைக்கு மாட்டி நாடாவை இறுக்கிக் கட்டினால் பார்க்க அழகாக இருக்கும். தண்ணீரில் உடை மேலே மிதக்கும், குழந்தை அதிலிருந்து நழுவிக் கீழே போகும். சோதனை எளிது. மாட்டிய பிறகு தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பார்க்கவேண்டும். உடை காதுவரை ஏறினால் அது அந்தக் குழந்தைக்கானது அல்ல. சிறு பிள்ளைகளின் உடையில் கால்களுக்கிடையே போகும் பட்டி இருப்பது நல்லது.

கூட்டுக் குடும்பத்துக்கே உரிய இன்னொரு ஆபத்து, பார்த்துக்கொள்ள நிறையப் பேர் இருப்பது. அத்தையிடம் இருக்கிறான் என்று அம்மா நினைப்பார், பெரியம்மாவிடம் இருக்கிறான் என்று அத்தை நினைப்பார். தண்ணீர் அருகே ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லி ஒப்படைப்பது கொஞ்சம் பட்டாளத்து நடைமுறையாகத் தோன்றலாம். மூணாறை முடித்துக்கொண்டு ஆலப்புழைக்கு இறங்கி, கெட்டுவள்ளத்தில் ஓர் இரவு தங்குகிறவர்களுக்கு இது மிகவும் தேவைப்படும். ஒரு காலத்தில் நெல் சுமந்த படகுகளின் வழிவந்த இந்த வீடுகள் மாலையானதும் கரையோரம் நின்றுவிடும். படகு நின்றதும் பெரியவர்களின் கவனமும் நின்றுவிடுகிறது. கரிமீன் வறுவல் வருகிறது, சீட்டுக்கட்டு வெளியே வருகிறது. பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் முன்தளத்திலிருந்து தண்ணீர் இரண்டடி தூரம். படுக்கையறைக் கதவுக்கு உள் தாழ்ப்பாள் உண்டா, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் உண்டா என்று பகல் வெளிச்சத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

மூணாறில் மொழிப் பிரச்னை இல்லை என்பது பெரிய சௌகரியம். நூறாண்டுக்கு மேலாகத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கிற ஊர். கடைத்தெருவில் தமிழிலேயே எல்லாம் நடக்கும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் படகுக்காரரிடம் நல்ல தமிழிலேயே கேட்கலாம்: மூன்று வயதுப் பிள்ளைக்கு உயிர்க்காப்பு உடை இருக்கிறதா, எடுத்துக் காட்டமுடியுமா? "அதெல்லாம் எதுக்கு சார், மடியில வச்சுக்கலாம்" என்று பதில் வந்தால், அந்தப் பணத்தில் மாட்டுப்பட்டிச் சாலையோரம் பதினாறு பேருக்கும் வேகவைத்த சோளமும் தழையோடு கேரட்டும் வாங்கலாம். மீதிப் பணமும் இருக்கும்.