துருக்கித் தொப்பி யாருடைய சொத்து?

நம் இல்லங்களின் பழைய மரப்பெட்டிகளில் பல ஆண்டுகளாக உறங்கிக் கிடந்த துருக்கித் தொப்பிகளுக்கு இப்போது திடீரென்று மவுசு வந்திருக்கிறது. பழம்பொருள் வணிகர்கள் வாசலில் நின்று விலை கேட்கின்றனர். துருக்கித் தொலைக்காட்சித் தொடர்களைக் கண்டு மயங்கிய இளைஞர்கள் அவற்றைத் தேடி வாங்கிச் சேர்க்கின்றனர். மணமகனின் தலையில் ஒருநாள் அலங்காரமாக வைத்துப் படம் எடுத்து மகிழ்வோரும் உளர். இன்னொரு பக்கத்தில், பாட்டனாரின் தொப்பியை அணிந்து தொழ வந்த பிள்ளையை வாசலிலேயே மடக்கி, "இதற்கு ஹதீஸில் ஆதாரம் உண்டா?" என்று கேட்கும் கண்டிப்பாளர்களும் பெருகிவிட்டனர்.

தொப்பியைத் தூக்கி எறியச் சொல்வோர் ஒருசாரார். அதுவே தீனின் அடையாளம் என்று தலையில் வைத்துக் கூத்தாடுவோர் மற்றொரு சாரார். காசுக்கும் காட்சிக்கும் அதைப் பண்டமாக்குவோர் மூன்றாம் சாரார். ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் இம்மூவரும் ஒரு தவற்றில் ஒன்றுபட்டு நிற்கின்றனர். அந்தத் தொப்பி யாருடைய தலையில் இருந்தது, ஏன் இருந்தது என்று மூவருமே கேட்பதில்லை. கேட்டிருந்தால் முதலாமவர் எறியச் சொல்லார். இரண்டாமவர் புனிதம் கற்பியார். மூன்றாமவர் விலை பேசார்.

முதலில் எறியச் சொல்வோரிடம் வருவோம். பிற சமூகத்தாரைப் போன்று நடப்பவன் அவர்களைச் சார்ந்தவன் என்னும் கருத்தமைந்த நபிமொழியை இவர்கள் ஆயுதமாக ஏந்துகின்றனர். அபூதாவூதில் வரும் அந்த நபிமொழியை நாம் மறுக்கவில்லை. பொருத்தும் இடத்தையே மறுக்கிறோம். பிற மதத்தாரின் வழிபாட்டுச் சின்னத்தையும், அவர்களுக்கே உரிய தனி அடையாளத்தையும் பின்பற்றுவதுதான் அங்கே கண்டிக்கப்படுகிறது என்பது உலமாக்கள் பலரின் விளக்கம். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் மொராக்கோ முதல் ஜாவா வரை, சிவப்புத் தொப்பியைக் கண்டவர் "இவர் முஸ்லிம்" என்றே அறிந்துகொண்டனர். முஸ்லிமை அடையாளம் காட்டிய பொருளையே பிறரைப் போன்று நடத்தல் என்று கூறுவது எந்த ஊர் நியாயம்? பொருள்களின் மூலநிலை ஆகுமானது என்பது உசூலின் பாலபாடம். விலக்குகிறவர்தாம் ஆதாரம் காட்ட வேண்டுமே தவிர அணிகிறவர் அல்லர்.

அஸ்ஹரில் ஓதிப் பட்டம் பெற்ற உலமாக்களின் தலையை இவர்கள் உற்றுநோக்கியதில்லை போலும். அங்கே வெள்ளைத் துணி சுற்றப்படுவது எதன் மீது? இதே சிவப்புத் தர்பூஷின் மீதுதான்! அஸ்ஹரின் தலையில் ஆகுமானது நம் மஹல்லாப் பிள்ளையின் தலையில் ஆகாததாகிவிடுமா?

ஆனால், இதைக் கேட்டு இரண்டாம் சாரார் அவசரப்பட்டு மகிழ வேண்டாம். தொப்பியைத் தீனாக்கும் உரிமையும் எவருக்கும் இல்லை. தொப்பிகளின் மேல் தலைப்பாகை கட்டுவதே நம்மை முஷ்ரிக்குகளிடமிருந்து பிரித்துக் காட்டும் என்னும் கருத்தமைந்த ஓர் அறிவிப்பு உண்டு. அதைப் பதிவு செய்த இமாம் திர்மிதீ அவர்களே அதன் தொடர் உறுதியானதன்று என்றும் குறித்துள்ளார்கள். தலையை மறைத்துத் தொழுவது சிறப்பு என்பது நம் மத்ஹபுகளின் வழக்கு. ஆயினும் இன்ன வடிவம், இன்ன நிறம், இன்ன குஞ்சம் என்று மார்க்கம் அளவெடுத்துத் தரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வாழ்நாளின் மிகப் பெரிய வணக்கமாகிய ஹஜ்ஜில் இஹ்ராம் கட்டிய ஆண்மகன் எந்தத் தொப்பியும் இன்றித் திறந்த தலையோடு கஅபாவின் முன் நிற்கிறான். தொப்பிதான் தீன் என்றால் அந்த இடத்திலா அதைக் கழற்றச் சொல்லியிருப்பார்கள்?

இந்தத் தொப்பியின் வரலாறு இரு சாராருக்குமே பாடம் புகட்டக்கூடியது. பெஸ் என்னும் மொராக்கோ நகரின் பெயரைத் தாங்கிய இத்தொப்பியை உதுமானிய அரசின் சீருடையாக்கியவர் சுல்தான் இரண்டாம் மஹ்மூத். 1826இல் யெனிச்சேரிப் படையைக் கலைத்த அவர், புதிய படைக்கு இத்தொப்பியை வழங்கினார். 1829இல் பிறப்பித்த ஆடைச் சட்டத்தின் மூலம் அரசு அலுவலரும் தலைப்பாகையை விட்டு இதற்கு மாற வேண்டும் என்று விதித்தார். உலமாக்களுக்கு மட்டும் தலைப்பாகை விடப்பட்டது. தலைப்பாகையின் இடத்தைப் பறிக்க வந்த புதுமை என்று அன்று முணுமுணுத்தவர்கள் பலர்.

ஒரு நூற்றாண்டு நிறையவில்லை. 1925 ஆகஸ்டில் முஸ்தபா கமால் ஐரோப்பியத் தொப்பியுடன் கஸ்தமோனு நகரில் தோன்றினார். அவ்வாண்டு நவம்பர் 25இல் நிறைவேறிய 671ஆம் எண் சட்டம் ஐரோப்பியத் தொப்பியைக் கட்டாயமாக்கி, துருக்கித் தொப்பிக்கு முடிவு கட்டியது. எதிர்த்தோர் கைது செய்யப்பட்டனர்; சிலர் தூக்கிலிடப்பட்டனர். அச்சட்டம் வருவதற்கு முன்பே, 1924இல், ஐரோப்பியரைக் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டித்துச் சிறுநூல் எழுதிய இஸ்கிலிப்லி ஆதிப் ஹோஜா என்னும் ஆலிம் 1926 பிப்ரவரி 4இல் தூக்குமேடை ஏறினார். 1829இல் புதுமை என்று வெறுக்கப்பட்ட அதே தொப்பிக்காக 1925இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். இதற்குள் தொப்பி மாறிவிடவில்லை. அதற்கு மக்கள் கொடுத்த பொருள்தான் மாறிவிட்டது. மனிதனின் தலையில் எதை வைக்கலாம், எதை எடுக்கலாம் என்று அதிகாரம் கட்டளையிட்டபோதெல்லாம் அந்தத் தலைக்குள் இருந்த மானம் விழித்துக்கொண்டது. போற்ற வேண்டியது அந்த மானத்தையே அன்றிக் கம்பளியை அன்று.

அந்தக் கம்பளியின் ஊரையும் அறிந்துகொள்வோம். உதுமானியர் தலைகளில் ஏறிய தொப்பிகளுள் பெரும்பங்கு எங்கே செய்யப்பட்டது? ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில், பொஹீமியா நாட்டு ஸ்திராகொனித்ஸே என்னும் ஊரில்! பின்னிய கம்பளியை வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் அடித்துச் சுருக்கி, முள்ளால் வாரி மென்மையாக்கி, சாயமேற்றி, அச்சில் அழுத்தி எடுத்த அத்தொழிலாளர்கள் முஸ்லிம்கள் அல்லர். 1908இல் ஆஸ்திரியா பொஸ்னியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டபோது உதுமானிய மக்கள் அந்நாட்டுச் சரக்குகளை ஒதுக்கினர். அப்போது அவர்கள் தலையிலிருந்து முதலில் இறங்கியவற்றுள் ஒன்று இந்தச் சிவப்புத் தொப்பி. அதற்குப் பதிலாக உள்நாட்டுக் கம்பளித் தொப்பிகளை அணிந்தனர். இதையே ‘உதுமானியப் புனிதச் சின்னம்’ என்று எண்ணி அதிக விலை கொடுத்து வாங்கும் நம் இளைஞர் தொப்பியின் உட்புறத்தைப் புரட்டி முத்திரையைப் பார்க்கட்டும். அங்கே ஆஸ்திரிய ஆலையின் பெயர் இருந்தால் வியப்படைய வேண்டாம்.

அப்படியானால் இத்தொப்பியில் நமக்கு என்ன உரிமை? இருக்கிறது, அதுவும் சிறிய உரிமையன்று. எகிப்தின் விடுதலை வீரர் அராபி பாஷா ஆங்கிலேயரால் நாடுகடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்து சேர்ந்தார். 1901 வரை அங்கேயே வாழ்ந்தார். அவரும் அவருடன் வந்தோரும் அணிந்திருந்த தொப்பி சோனகர் தலைகளில் ஏறியது. அறிஞர் சித்திலெப்பை தம் ‘முஸ்லிம் நேசன்’ இதழின் வாயிலாகக் கல்வி விழிப்பை ஊட்டிய காலம் அது. கொழும்பில் ஸாஹிரா கல்விக்கூடம் 1892இல் தோன்றிய காலமும் அதுவே. இந்திய வடபுலத்தில் சர் சையித் அஹ்மத் கான் அலிகார் மாணவருக்கு இதே தொப்பியைச் சீருடையாக்கியிருந்தார். ஆக, இது கல்விக்கும் தன்மானத்திற்கும் விழித்தெழுந்த ஒரு தலைமுறையின் தொப்பி.

1905இல் அதற்குச் சோதனை வந்தது. வழக்கறிஞர் அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் இலங்கை உச்ச நீதிமன்றத்தில் தோன்றியபோது, தலைமை நீதிபதி லேயார்ட் அதை ஏற்க மறுத்தார். ஆங்கிலேயருக்குத் தொப்பியைக் கழற்றுவது மரியாதை. நமக்குத் தலையை மறைப்பது மரியாதை. தன் மரியாதையைப் பிறன் வழக்கத்திற்குப் பலியிட அந்த வழக்கறிஞர் ஒப்பவில்லை. முஸ்லிம்கள் திரண்டனர். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் போன்றோர் முன்னின்றனர். அவ்வாண்டு டிசம்பர் 31இல் மருதானைப் பள்ளிவாசல் திடலில் பெருங்கூட்டம் கூடியது. இந்தியாவிலிருந்து மௌலவி ரபியுத்தீன் அஹ்மத் வந்து உரையாற்றினார். பின்னர் தொப்பியுடன் வாதாடும் உரிமை கிடைத்தது. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் கொழும்புக்குச் சென்று வாணிகம் நடத்திய நம் முன்னோருக்கு அக்கரைச் செய்தி அயலூர்ச் செய்தி அன்று. இக்கரையில் அவர்கள் பெட்டிகளில் வைத்துச் சென்ற தொப்பிகளுக்கு இந்த வாசனையும் உண்டு.

இப்போது மூன்றாம் சாராரிடம் கேட்கிறோம்: இதற்கா விலை பேசுகிறீர்கள்? பாட்டனாரின் தொப்பியை வணிகரிடம் கொடுத்து நோட்டை எண்ணுகிறீர்கள். வாங்கியவர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ‘பழைய தொப்பி, நல்ல நிலை’ என்று சீட்டு ஒட்டுகிறார். பெயர் போயிற்று, ஊர் போயிற்று, அவர் எந்தக் கப்பலில் போனார், எந்தக் கடையில் அமர்ந்தார், யாருக்கு எழுத்தறிவித்தார் என்பதெல்லாம் போயிற்று. எஞ்சியது கம்பளியும் குஞ்சமும். அதை அடுத்தவன் வாங்கித் தன் தலையில் வைத்து, எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று வீதியில் உலாவுகிறான். பிறர் கண்ணைக் கவர்ந்து புகழ் தேடுவதற்காக உடுத்தும் ஆடைக்கு மறுமையில் இழிவாடை காத்திருக்கிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அபூதாவூதும் இப்னுமாஜாவும் அறிவிக்கின்றனர். கிழிந்த ஆடையாலும் அப்புகழைத் தேடலாம், பழைய தொப்பியாலும் தேடலாம். பழமை என்பதால் பெருமைநோய் மருந்தாகிவிடாது.

பழந்தொப்பிகளைச் சேகரிப்பதே தவறு என்று நாம் கூறவில்லை. ஆளறிந்து சேகரிப்பவன் காவலன். விலையறிந்து மட்டும் சேகரிப்பவன் தரகன். இவ்விருவருக்கும் உள்ள வேறுபாடு ஒரு துண்டுக் காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதத்தில் இது இன்னாருடையது, இன்ன ஊரார், இன்ன காலத்தில் அணிந்தார், இன்ன தொழில் செய்தார் என்று எழுதித் தொப்பியோடு வையுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அவர்கள் மறைந்த பின் எழுதுவது கதையாகிவிடும்.

தொப்பியையும் ஒழுங்காகக் காப்பாற்றுங்கள். அழுக்காயிற்று என்று நீரில் நனைத்துவிடாதீர்கள். நீரில் சுருக்கிச் செய்த கம்பளி மீண்டும் சுருங்கி வடிவம் குலையும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். மேலே சுமையேற்றி நசுக்காமல், உள்ளே மெல்லிய வெள்ளைத் துணியைத் திணித்து நிற்க வையுங்கள். வெயில் நிறத்தைத் தின்னும், அந்துப்பூச்சி கம்பளியைத் தின்னும். ஆண்டுக்கு இருமுறையாவது பெட்டியைத் திறந்து பாருங்கள்.

பின்னர் அதை அணிய விரும்பும் பேரன் அணியட்டும். பெருநாளன்று அணியட்டும், நிக்காஹ் மஜ்லிஸில் அணியட்டும், பள்ளிவாசலுக்கும் அணிந்து வரட்டும். யாரேனும் "இது சுன்னத்தா?" என்று கேட்டால் "இல்லை" என்று உண்மையைச் சொல்லட்டும். "ஹராமா?" என்று கேட்டால் அதற்கும் "இல்லை" என்றே சொல்லட்டும். "பிறகு எதற்கு?" என்று கேட்டால், "இது என் பாட்டனாருடையது, அவர் இன்னார்" என்று தொடங்கி அவர் வரலாற்றைச் சொல்லட்டும். அப்படிச் சொல்லத் தெரிந்தவனுக்கே அந்தத் தொப்பி உரியது. சொல்லத் தெரியாதவன் எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும், அவன் தலையில் இருப்பது பிறன் பொருளே.