குறிஞ்சி பூக்காத ஆண்டில் குறிஞ்சியாண்டவர் தரிசனம்

இந்தப் பகுதியில் வழக்கமாகத் தலங்களின் பெருமையைக் குறித்து எழுதி வருகிறேன். இந்த வாரம் தலத்தின் வரலாற்றோடு என் இல்லத்தின் வரலாறும் சிறிது கலந்து வருகிறது. பொறுத்தருள வேண்டும்.

ஆவணி மாதக் கடைசியில் நானும் என் துணைவியாரும் மூன்று நாள் பயணமாகக் கொடைக்கானல் சென்று வந்தோம். மதுரையில் வசிக்கும் எங்களுக்கு அது 120 கிலோமீட்டர் தொலைவுதான். காலையில் காப்பி அருந்திவிட்டுப் புறப்பட்டால் மதிய உணவுக்குள் மலைமேல் இருக்கலாம். ஆயினும், திருமணமாகி 40 ஆண்டுகளில் நாங்கள் இருவரும் சேர்ந்து அங்கே சென்றது இதுவே முதல் முறை.

வங்கித் தணிக்கையின் பொருட்டு நான் மட்டும் நான்கு முறை சென்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு மலைப்பூண்டும் யூக்கலிப்டஸ் தைலமும் வாங்கி வருவேன். பையை வாங்கிக்கொண்டே என் துணைவியார் கேட்கும் முதற்கேள்வி, “குறிஞ்சியாண்டவரைத் தரிசித்தீர்களா?” என்பதுதான். “நேரம் எங்கே இருந்தது?” என்பதே நான்கு முறையும் என் விடை.

அவருக்குக் குறிஞ்சியாண்டவர்மீது ஏற்பட்ட ஈடுபாட்டுக்குக் காரணம் ஒரு மலர். குறிஞ்சி நிலத்துக்குரிய தெய்வம் முருகப்பெருமான் என்பது சங்க காலம் தொட்டு வரும் மரபு. அந்நிலத்துக்குப் பெயர் தந்த மலரோ 12 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் மலைச்சரிவை நீலமாக்கும். பூத்து, விதையை உதிர்த்த பின் அந்தச் செடி மடிந்துவிடும். அந்த விதையிலிருந்து முளைக்கும் புதுச்செடி பூப்பதற்கு மீண்டும் 12 ஆண்டுகள் ஆக வேண்டும். மலைவாழ் மக்கள் குறிஞ்சி பூத்த தடவைகளைக் கொண்டே தங்கள் வயதைக் கணக்கிட்டனர் என்று சொல்வதுண்டு. பூக்கும் ஆண்டில் அந்த மலரை ஆண்டவனுக்குச் சாற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் துணைவியாரின் நெடுநாள் ஆசை.

எங்கள் இல்லறம் அவ்வகையில் மூன்று குறிஞ்சிகளைக் கண்டது. கண்டது என்பதைவிடத் தவறவிட்டது என்பதே சரி. குறிஞ்சி பெரும்பாலும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில்தான் நிறைந்து பூக்கிறது. செப்டம்பர் 30 வங்கிகளின் அரையாண்டுக் கணக்கு முடிப்பு நாள். வங்கியில் பணியாற்றியவர்களுக்கு அந்த மாதத்தில் விடுப்பு என்ற சொல்லைச் சொல்லவே கூச்சமாக இருக்கும். 1994இல் வாடகைக் காருக்குச் சொல்லிவைத்த பிறகு பயணத்தை நிறுத்தினேன். 2006இல் நான் கிளை மேலாளர். கேட்டுப் பார்க்கவே இல்லை. 2018இல் என் தாயார் படுக்கையில் இருந்தார். அவரை இரவும் பகலும் கவனித்துக்கொண்டவர் என் துணைவியார்தான். அந்த ஆண்டு அவரே, “இந்த முறையும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்.

மறு ஆண்டு பணி ஓய்வு பெற்றேன். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. பேரக்குழந்தைகள், உறவினர் வீட்டு விசேஷங்கள் என்று நாட்கள் கழிந்தன. “அடுத்த குறிஞ்சி 2030இல்தானே, அப்போது எந்தக் கணக்கு முடிப்பும் எனக்கு இல்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இவ்வாண்டு தொடக்கத்தில் ஒரு நாள் வீட்டு வாசலில், பக்கத்திலேயே இருந்த பூத்தொட்டியில் இடறி என் துணைவியார் விழுந்தார். “கவனித்து நடக்கக் கூடாதா?” என்று கடிந்துகொண்டேன். சில நாட்களில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். பிறகே கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். கிளாக்கோமா என்றார். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் பார்வை நரம்பைச் சிறுகச் சிறுகச் சிதைக்கும் நோய் அது. பெரும்பாலும் வலி இராது. முதலில் பக்கவாட்டுப் பார்வை குறையும். நேர்ப்பார்வை நன்றாக இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. இழந்த பார்வையை மீட்க வழியில்லை. எஞ்சியிருப்பதைச் சொட்டு மருந்தினால் காத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் விளக்கினார். “2030இல் எப்படி இருக்கும்?” என்று நான் கேட்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். “மருந்தை ஒரு வேளையும் தவறவிடாதீர்கள்” என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கடன் வாங்கியவர் 90 நாட்கள் தவணை தவறினால் அதை வாராக்கடன் என்று ஏட்டில் எழுதியவன் நான். வீட்டில் நான் கொடுத்த வாக்கை 1994 முதல் கணக்கிட்டால் 31 ஆண்டுகள் ஆகின்றன. என் துணைவியார் ஒரு நினைவூட்டல் கடிதம்கூட அனுப்பாத பொறுமைசாலி. பொழுது விடிந்ததும், “கொடைக்கானல் போகலாமா?” என்றேன். “பூ இல்லையே” என்றார். “முருகன் இருக்கிறானே” என்றேன். அதற்குமேல் அவர் மறுக்கவில்லை.

மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வாடகைக் காரில் புறப்பட்டோம். 2024 மே மாதம் முதல், உயர் நீதிமன்ற ஆணைப்படி, கொடைக்கானல் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். அதை ஓட்டுநரே கைப்பேசியில் பெற்றுவிட்டார். வத்தலக்குண்டில் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறினோம். என் துணைவியாரை முன் இருக்கையில் அமரச் செய்தேன். நேர் எதிரே தெரிவதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். வளைவுக்கு வளைவு மரங்கள் மாறின, காற்று குளிர்ந்தது. வெள்ளி அருவியின் முன் இறங்கி நின்றபோது சாரல் முகத்தில் பட்டது. “அபிஷேக தீர்த்தம் தெளித்ததுபோல் இருக்கிறது” என்றார்.

மறுநாள் காலையில் குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குச் சென்றோம். ஏரியிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில், மலையின் விளிம்பில் அமைந்த சிறிய கோயில் இது. 1936இல் இதைக் கட்டியவர் லீலாவதி இராமநாதன் அம்மையார். மேலை நாட்டில் பிறந்து, இந்து சமயத்தை ஏற்று, இலங்கைத் தமிழ்ப் பெரியவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர் அவர். கணவர் 1930இலேயே மறைந்துவிட்டார். கணவரை இழந்து ஆறு ஆண்டுகள் கழிந்த நிலையில், வேற்று மண்ணில் பிறந்த ஒரு பெண்மணி, குறிஞ்சியின் பெயராலேயே முருகனுக்குக் கோயில் எழுப்பியிருக்கிறார். இன்று இக்கோயில் பழனி தண்டாயுதபாணி சுவாமி திருக்கோயிலின் நிர்வாகத்தில் உள்ளது.

வாசற்படி வந்ததும், “படி” என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே கூட்டம் அதிகம் இல்லை. அர்ச்சகர் நாங்கள் முதியவர்கள் என்பதைக் கண்டு சந்நிதிக்கு நேரே நிற்கச் சொன்னார். தீபாராதனையின் ஒளியில் ஆறுமுகனின் அருள்வடிவம் தெரிந்தது. நான் சுவாமியைப் பார்ப்பதா, இவருக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதா எனத் தவித்தேன். என் தவிப்பு எப்படியோ அவருக்குப் புரிந்துவிட்டது.

“எதற்கு என்னையே பார்க்கிறீர்கள்? பக்கத்தில் இருப்பதுதான் எனக்குத் தெரியாது. எதிரே நிற்பவன் நன்றாகத் தெரிகிறான். அவனைப் பாருங்கள்” என்று மெல்லிய குரலில் சொன்னார்.

பக்கத்தில் நின்றவன் நான். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால், எனக்குத்தான் உள்ளே எங்கோ சுருக்கென்றது. பக்கத்திலேயே இருந்தவரை 40 ஆண்டுகள் சரிவரப் பாராதவன் யார் என்று அந்தச் சந்நிதியில் என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

தரிசனம் முடித்து வெளியே வந்தோம். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து வடக்கே பழனியைக் காணலாம். அன்று ஒரே மூடுபனி. திரும்பலாம் என்று எண்ணிய நேரத்தில் பனி சற்றே விலகியது. “என்ன தெரிகிறது?” என்று கேட்டார். தூரத்துச் சமவெளி, அதில் கோடாக ஒரு சாலை, கண்ணாடித் துண்டுபோல் ஒரு நீர்நிலை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். “பழனி எந்தப் பக்கம்?” என்றார். தோளைப் பிடித்து அந்தத் திசைக்கு நேரே நிற்கச் செய்தேன். கைகூப்பினார். அருகில் ஒரு சரிவில் இருந்த குறிஞ்சிச் செடியை ஓட்டுநர் காட்டினார். பூவோ மொட்டோ இல்லாத வெறும் புதர். என் துணைவியார் குனிந்து அதன் இலையைத் தடவிப் பார்த்தார். “2018இல் உதிர்ந்த விதையில் வந்திருக்கும். இதுவும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது” என்றார்.

பிற்பகலில் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூம்பாறை சென்றோம். படிப்படியாக அமைந்த பூண்டு வயல்களுக்கு நடுவே நெருக்கமாக வீடுகள் அமைந்த ஊர். இங்கே அருள்புரிபவர் குழந்தை வேலப்பர். போகர் வடித்த திருமேனி என்பது ஐதீகம். இத்தலத்தில் இரவு தங்கிய அருணகிரிநாதரை ஓர் அரக்கி கொல்ல வந்தாளாம். முருகன் குழந்தையாக வந்து அவரோடு படுத்துக்கொள்ள, தாயும் சேயும் உறங்குவதாக எண்ணி அவள் விலகிச் சென்றாள் என்கிறது தல வரலாறு. வேலேந்தி வந்து போர் செய்யவில்லை. பக்கத்தில் வந்து படுத்தான், அதுவே காவலாயிற்று. அந்தக் கதையைக் கேட்டபோது என் துணைவியார் என் கையை விடாமல் பிடித்திருந்தார்.

மூன்றாம் நாள் ஏரியில் படகில் சென்றோம். 1863இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் துரை முனைந்து அமைத்த ஏரி இது. “இந்த வயதில் படகா?” என்று முதலில் நாணினார். பின்னர் தண்ணீரில் கை நனைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்களுக்கு மணமான புதிதில் கேட்டதுபோலவே இருந்தது.

இரவு ஒன்பது மணிக்குக் கண்ணில் மருந்து விடுவது இப்போது என் பொறுப்பு. மலையிலிருந்து திரும்பிய அன்று மருந்து விட்டதும் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: “2030இல் மறுபடி போகலாம். எனக்குத் தெரிந்தால் நான் பார்க்கிறேன். தெரியாவிட்டால், பூ எப்படி இருக்கிறதென்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.” சரி என்றேன். இந்த வாக்கை மறக்க மாட்டேன்.

வாசக அன்பர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, நாற்பதைக் கடந்தவர்கள், குறிப்பாகக் குடும்பத்தில் எவருக்கேனும் கிளாக்கோமா இருந்தவர்கள், வலி இல்லாவிட்டாலும் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, உங்கள் இல்லத்திலும் நிறைவேறாத வாக்கு ஒன்று இருக்கக்கூடும். அது பக்கத்து ஊர்க் கோயிலாகவும் இருக்கலாம். பூக்கும் காலம் வரட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கிறது. குறிஞ்சியாண்டவனோ நாள்தோறும் நடை திறந்து காத்திருக்கிறான்.

முருகன் அருள் முன்னிற்க.