களவுபோன வண்டியும் கண்டு சொல்லும் கருவியும்

முன்னாளில் நம் பக்கத்துக் கிராமங்களில் மாடு களவுபோனால் உடையவன் முதலில் செய்த காரியம் தடம் பார்ப்பதே. குளம்படி எந்தக் கண்மாய்க்கரையில் இறங்கிற்று, எந்த ஒற்றையடிப் பாதையில் ஏறிற்று என்று பார்த்துக்கொண்டே ஊரார் நாலு பேர் உடன் செல்வர். தடம் கிட்டாதபோது, துப்புக்கூலி என்ற பெயரால் இடையாளிடம் ஒரு தொகையைக் கொடுத்து, தம் மாட்டைத் தாமே விலைக்கு வாங்கித் திரும்பியவர்களும் உண்டு.

இன்று பல வீடுகளின் வாசலில் மாடு நின்ற இடத்தில் மின்சார ஸ்கூட்டர் நிற்கிறது. தடம் பார்க்கும் வேலையை ஜி.பி.எஸ். கருவி ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் தடம் தெரிந்த பிறகு செய்ய வேண்டியது யாது, தடம் தெரியும் முன்பே செய்து வைக்க வேண்டியது யாது என்பவற்றில் நம்மில் பலருக்குத் தெளிவு ஏற்படவில்லை. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

கீரமங்கலம், வடகாடு பக்கத்துப் பூ விவசாயியை நினைத்துப் பாருங்கள். பறித்த பூ வாடுமுன் அவர் கமிஷன் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். சங்கத்தில் நூல் பெற்று, நெய்த துணியை ஒப்படைக்க வரும் நெசவாளியையும் நினைத்துப் பாருங்கள். இவர்களுக்கு வண்டி ஆடம்பரப் பொருளன்று. தறியைப் போல, மண்வெட்டியைப் போல அதுவும் ஒரு தொழிற்கருவி. அது களவுபோனால் அன்றாட வருமானம் தடைப்படுகிறது. கடனில் வாங்கியிருந்தாலோ துன்பம் இரட்டிப்பு. வண்டி போய்விடுகிறது, தவணை போவதில்லை.

ஜி.பி.எஸ். என்றவுடன், வானத்திலிருந்து எவரோ நம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைக் குறிக்கும் சைகைகளை இடைவிடாது அனுப்புகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் சைகைகளைப் பெற்று, அவை வந்து சேர்ந்த காலவேறுபாட்டைக் கொண்டு தன் இருப்பிடத்தைக் கருவியே கணக்கிட்டுக்கொள்கிறது. அந்த இடத்தை நமக்கு அறிவிப்பது கோளன்று. கருவிக்குள் இருக்கும் சிம் அட்டை கைப்பேசிக் கோபுரத்தின் வழியே அறிவிக்கிறது. கேட்பது வானத்தை, சொல்வது கோபுரத்தின் வழியே என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த உண்மையை அறிந்தால் கருவியின் குறைகளும் தாமே விளங்கும். தகரக் கொட்டகைக்குள்ளோ கான்கிரீட் கட்டடத்தின் அடித்தளத்திலோ வண்டியை ஒளித்தால் சைகை மங்கிவிடும். கடைசியாக நின்ற இடம் மட்டுமே தெரியும். சிம் அட்டைக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தால் கருவி ஊமையாகிவிடும். வண்டியின் பேட்டரியிலிருந்தே மின்சாரம் பெறும் கருவி, கள்ளன் பேட்டரியைக் கழற்றியதும் உறங்கிவிடும். ஆகவே தனக்கென ஒரு சிறு பேட்டரி உள்ள கருவியையே வாங்க வேண்டும். மின்சார வண்டியில் விலையுயர்ந்த பாகம் பேட்டரியே. அதை மட்டும் கழற்றிச் செல்பவனை வண்டியில் உள்ள கருவி தொடர்ந்து செல்லாது. நல்ல பூட்டுக்கு ஈடாக எந்தக் கருவியும் இல்லை என்பதை மறக்கலாகாது.

ஓசூரில் தயாராகும் ஏதர், டி.வி.எஸ். ஐக்யூப் போன்ற வண்டிகளில், வகையையும் சந்தாவையும் பொறுத்து, இருப்பிடம் காட்டும் வசதி இணைந்தே வருகிறது. வாங்கும்போதே அதைக் கேட்டு, கடையிலேயே இயக்கிப் பார்த்துவிடுதல் நலம்.

இடம் தெரிந்துவிட்டால் வண்டி கிடைத்துவிட்டது என்று எண்ணுவதும் தவறே. நியூயார்க் நகரத்தின் புரூக்ளினில் 2021ஆம் ஆண்டில் நடந்த ஒன்றைக் கூறுவோம். கணினிப் பாதுகாப்புத் தொழிலில் உள்ள ஒருவர் தம் மின்சார ஸ்கூட்டரில் ஏர்டேக் என்னும் வில்லைகள் இரண்டை மறைத்து வைத்திருந்தார்; ஒன்று கள்ளன் கண்ணில் பட்டாலும் மற்றது எஞ்சும் என்பது அவர் எண்ணம். இவ்வில்லை செயற்கைக்கோளை நம்புவதன்று. அருகில் உள்ள ஐபோன்களின் வழியாக இடத்தை அறிவிப்பது. வண்டி களவுபோயிற்று, இடமும் தெரிந்தது. எனினும் அந்தப் புதிய கருவி இன்னதென்று போலீசாருக்கு விளங்கவைப்பதே பெரும்பாடாயிற்று. சில நாள் கழித்துப் போலீசாருடன் சென்று, மின்சார சைக்கிள் கடையொன்றில் தம் வண்டியைக் கண்டு மீட்டார். இத்தகைய வில்லை கடைத்தெருவில் பயன்படும். ஆளரவமற்ற கிராமச் சாலையில் பயன் குறைவு. மேலும் தன்னுடன் ஒரு வில்லை வருவதாகக் கள்ளனின் கைப்பேசிக்கே எச்சரிக்கை போகவும் கூடும்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடங்கள் இரண்டு. முதலாவது, கைப்பேசிப் படத்தில் புள்ளியைப் பார்த்தவுடன் அண்ணன் தம்பிமார் நாலு பேர் கூடிப் புறப்பட்டுவிடக் கூடாது. புள்ளி ஒரு தெருவைக் காட்டலாம். குற்றவாளி இன்னார் என்று காட்டாது. சில மீட்டர் பிசகினால் குற்றமற்ற அண்டை வீட்டுக்காரர் மீது பழி விழும். கைகலப்பு நேர்ந்தால் வழக்கு நம் மீதே திரும்பும். இரண்டாவது, போலீசாரிடம் செல்லும்போது கைப்பேசிப் படத்தோடு சான்றுகளும் கையில் இருக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, களவு எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஆலங்குடியில் போன வண்டி திருச்சியில் நிற்பதாகத் தெரிந்தால், எல்லையைக் காரணம் காட்டி உங்களை அலைக்கழிக்க இடமில்லை. மின்னணு வழியிலும் தகவல் தரலாம். மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெற நமக்கு உரிமை உண்டு.

இங்கே ஓர் இடையூறு இருக்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும் 250 வாட்டுக்கு மேற்படாத திறனும் உள்ள சிறு மின்சார வண்டிகளுக்குப் பதிவும் லைசென்சும் தேவையில்லை. பெரியவர்களும் பெண்களும் விரும்பி வாங்கும் இவ்வண்டிகளுக்கு நம்பர் பலகை இல்லை; அரசாங்கப் பதிவேட்டில் உடையவர் பெயரும் இல்லை. அசல் பில்லும், சேசிஸ், மோட்டார், பேட்டரி எண்களுமே உரிமைச் சான்று. அவை இல்லாவிட்டால், மீட்கப்பட்ட வண்டியைக் கண்ணெதிரே பார்த்தும் தமதென்று நிலைநாட்ட முடியாமல் நிற்க நேரும்.

கைப்பற்றிய வண்டிகளை நெடுநாள் போலீஸ் நிலையங்களில் போட்டு வைக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலேயே கூறியுள்ளது. சான்றுகளுடன் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்து வண்டியைப் பெறலாம். மின்சார வண்டிக்கு இந்த விரைவு மிக அவசியம். சார்ஜ் இன்றி மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தால் பேட்டரி கெட்டுவிடும். திரும்பி வருவது வெறும் கூடாகவே இருக்கும்.

இவ்வளவையும் தனித்தனியே ஒவ்வோர் அங்கத்தினரும் நினைவில் வைத்துச் செய்வது கடினம். கூட்டாகச் செய்தால் எளிது. ஒவ்வொரு சங்கமும் வண்டிப் பதிவேடு ஒன்றைத் தொடங்கலாம். பில்லின் நகல், எண்கள், வண்டியின் படம் ஆகியவற்றை அதில் சேர்த்து வைக்கலாம். கருவிகளை மொத்தமாகப் பேசி வாங்கலாம். சிம் அட்டைகளின் ரீசார்ஜ் கெடுவைச் சங்க எழுத்தரே நினைவூட்டலாம். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்திருந்தால் களவுக்கு இழப்பீடு கிடையாது என்பதையும் வண்டி வாங்கும் நாளிலேயே எடுத்துச் சொல்லலாம்.

இறுதியாக, நம் மாவட்டத்தின் பெருமையோடு தொடர்புடைய செய்தி ஒன்று. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றனர். பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருக்காமல் தாமே புறப்பட்டுப் போகும் உரிமையை அந்தச் சைக்கிள் தந்தது. வண்டியைக் காக்கும் கருவி, வண்டி ஓட்டுபவளைக் கண்காணிக்கும் கருவியாக மாறினால் அந்த உரிமை மீண்டும் பறிபோகும். மருமகள் எங்கே நின்றாள், மகள் எந்தத் தெருவில் திரும்பினாள் என்று பார்ப்பதற்கல்ல இக்கருவி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே கடவுச்சொல் ஓட்டுபவரிடமே இருக்கட்டும். சங்கப் பதிவேட்டில் வண்டியின் எண்கள் இருந்தால் போதும். அங்கத்தினரின் போக்குவரத்து அங்கே இருக்க வேண்டியதில்லை.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் பெரியோர். கருவி இடத்தைச் சொல்லும். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பவை நம் முன்யோசனையும் ஒற்றுமையுமே. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் வண்டிப் பதிவேடு குறித்து ஆலோசித்து முடிவு செய்யுமாறு ஒவ்வொரு சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு முன், இவ்விதழை மடித்து வைத்தவுடன், அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வண்டியின் பில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பாராக.