படம் எடுப்பது இயந்திரமல்ல

“எக்ஸ்ரே எடுக்கிறவருக்கு என்ன பெரிய வேலை? பட்டனைத் தட்டினால் படம் வந்துவிடப் போகிறது.” நோயாளியின் உறவினர் இதைச் சொல்கிறார். நன்கு படித்தவர்களும் சொல்கிறார்கள். சில மருத்துவமனை நிர்வாகிகள் சொல்வதோடு நில்லாமல், இதை நம்பித்தான் ஆள் எடுக்கிறார்கள், சம்பளம் போடுகிறார்கள். இந்த நம்பிக்கை அடியோடு தவறு. அதன் விலையை நோயாளிகள் தங்கள் உடம்பால் கொடுக்கிறார்கள்.

பட்டனைத் தட்டினால் போதும் என்று உலகம் ஒருமுறை நம்பிப் பார்த்துவிட்டது. 1895 நவம்பர் 8 அன்று வூர்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த சில மாதங்களிலேயே மின்பொறியாளர், புகைப்படக்காரர், மருத்துவர் என்று கருவி கிடைத்தவர்களெல்லாம் படம் எடுக்கத் தொடங்கினார்கள். கதிரை உண்டாக்கிய அன்றைய குழாய் நிலையற்றது. அது சரியாக இயங்குகிறதா என்று பார்க்கத் தங்கள் கையையே கதிருக்கு முன்னால் நீட்டி, ஒளிரும் திரையில் விரல் எலும்புகளைப் பார்த்தார்கள். இதை நாள்தோறும் பலமுறை செய்தார்கள். முதலில் தோல் சிவந்தது, பிறகு புண்ணானது, ஆறாத புண் புற்றுநோயானது.

எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி இரு கைகளையும் இழந்து 1904-இல் இறந்தார். எடிசன் எக்ஸ் கதிர் ஆராய்ச்சியையே கைவிட்டார். சான்பிரான்சிஸ்கோவில் கணக்கெழுதும் வேலை பார்த்த எலிசபெத் ஃப்ளைஷ்மன் இந்தக் கலையைக் கற்று, 1898-இல் ஸ்பெயினுடன் நடந்த போரில் காயம்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களின் உடலில் குண்டு தங்கிய இடங்களைத் துல்லியமாகக் காட்டினார்; 1905-இல் அதே கதிருக்குப் பலியானார். பர்மிங்காம் மருத்துவர் ஹால்-எட்வர்ட்ஸ் 1908-இல் இடக்கையை இழந்தார். ஹாம்பர்க் நகரில் 1936-இல் எழுப்பப்பட்ட நினைவுத்தூணில் இப்படி மாண்ட 169 பேரின் பெயர்களைப் பொறித்தார்கள். பின்னர் மேலும் பல பெயர்கள் சேர்ந்தன. மருத்துவர்களோடு தொழில்நுட்பப் பணியாளர்களும் செவிலியரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

ரேடியோகிராஃபி ஒரு தொழிலாக உருவானது இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். முதல் உலகப் போரின்போது மேரி கியூரி ஏறத்தாழ 150 பெண்களுக்கு எக்ஸ்ரே பயிற்சி கொடுத்து மருத்துவமனைகளுக்கு அனுப்பினார். எக்ஸ்ரே வண்டியும் கருவியும் மட்டும் போதாது, தெரிந்த கை வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1920-இல் பிரிட்டனில் ரேடியோகிராஃபர்களுக்கான சங்கம் உருவானது. அதே ஆண்டு சிகாகோவில் எட் ஜெர்மன் என்பவர் அமெரிக்கத் தொழில்நுட்பர்களை ஒன்றுதிரட்டினார். 1922 முதல் அங்கே தகுதி பார்த்துச் சான்றளிக்கும் முறை வந்தது. அதுவரை ஒவ்வொருவரும் தம் கைப்பழக்கத்தில் எடுத்துவந்த படத்துக்கு அடர்த்தி, வேறுபாடு, நுணுக்கம், உருத்திரிபு என்று அளவுகோல் வகுத்தவர் ஜெர்மன். கைப்பழக்கத்தில் கற்ற வித்தை அப்படித்தான் பாடத்திட்டமும் தேர்வும் உள்ள தொழிலானது.

அந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது? பைக்கிலிருந்து கையூன்றி விழுந்த இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் மணிக்கட்டு எக்ஸ்ரே என்று மட்டும் எழுதியிருக்கிறது. நல்ல ரேடியோகிராஃபர் எங்கே வலிக்கிறது என்று முதலில் கேட்பார். கட்டைவிரலின் அடியில் உள்ள குழியில் வலி என்றால் ஸ்கேஃபாய்டு எலும்பில் அவருக்குச் சந்தேகம் வரும். வழக்கமான கோணத்தில் அந்த எலும்பு குறுகித் தெரியும், விரிசல் மறைந்துபோகலாம். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து எடுத்தால் எலும்பு நீண்டு விரியும், கோடும் தெரியும். இந்தச் சாய்வு விடுபட்டால் முறிவும் விடுபடலாம். அந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்து முனை வழியாகத்தான் பெரும்பாலும் போகிறது. முறிவு கவனிக்கப்படாவிட்டால் மறுமுனைத் துண்டு செத்துப்போகலாம், மணிக்கட்டு ஆயுளுக்கும் வலிக்கலாம்.

நெஞ்சுப் படமும் அப்படித்தான். ஆறடி தள்ளி, முதுகுப் பக்கமிருந்து கதிரைச் செலுத்தி, மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி எடுக்க வேண்டும். படுக்கையில் வைத்து முன்பக்கமிருந்து எடுத்தால் இதயம் உள்ளதைவிடப் பெரிதாக விழும். இது தெரியாமல் எடுத்த படத்தைப் பார்த்து, இல்லாத இதய வீக்கத்துக்கு மருத்துவம் தொடங்கக்கூடும். பட்டனைத் தட்டுவது ஒரு நொடி வேலை. அதற்கு முந்தைய நிமிடங்களில்தான் இந்தத் தொழில் இருக்கிறது.

“அதெல்லாம் பிலிம் காலம், டிஜிட்டல் வந்த பிறகு எல்லாம் தானாக நடக்கிறது” என்பார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. கதிர் கூடிவிட்டால் பிலிம் கறுத்துப்போய்த் தவறைக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டல் கருவி அதையும் சரிசெய்து அழகான படமாகத் தருகிறது. தேவைக்கு மேல் கதிர் வாங்கியது நோயாளிக்குத் தெரியாது, படத்தைப் பார்க்கும் மருத்துவருக்கும் பெரும்பாலும் தெரியாது. திரையில் வரும் அளவெண்ணைப் படிக்கத் தெரிந்தவர் கருவியருகே இருந்தால்தான் தெரியும். இயந்திரத்தின் கெட்டிக்காரத்தனம் கூடக் கூட, அதை இயக்குபவரின் அறிவு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

பிரிட்டன் இதை மெதுவாகவேனும் ஒப்புக்கொண்டது. படத்தைப் பற்றி ரேடியோகிராஃபர் கருத்துச் சொல்லக் கூடாது என்று 1920-களில் அங்கே கட்டுப்பாடு வந்தது. ஆனால் 1980-களில் அவசரப் பிரிவுகளில், சந்தேகம் தோன்றிய படத்தில் ரேடியோகிராஃபரே சிவப்புப் புள்ளி ஒட்டும் முறை பரவி, இளம் மருத்துவர்கள் முறிவைத் தவறவிடுவதைத் தடுக்க உதவியது. இன்று கூடுதல் பயிற்சி பெற்ற ரேடியோகிராஃபர்கள் அங்கே அறிக்கையே எழுதுகிறார்கள்.

நம் ஊருக்கும் இந்தத் துறை புதிதல்ல. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்கவியல் நிறுவனம் தொடங்கியது 1934-இல். இத்தனை பழைய மரபு உள்ள ஊரில், உதவிக்கு வந்த பையனிடம் கருவியைக் கொடுத்து, “இதை அழுத்து” என்று சொல்லிவிடும் மையங்கள் இன்னும் இருப்பது பெருங்குற்றம். அங்கே கதிரளவு காட்டும் டிஎல்டி பேட்ஜ் மேசை டிராயரில் கிடக்கும். கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று பெண்களிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றாது. கதிரியக்கத் தொழில்நுட்பர்களையும் உள்ளடக்கி, துணைமருத்துவத் தொழில்களுக்கென இந்திய நாடாளுமன்றம் 2021-இல் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் பட்டன் தட்டும் வேலைதானே என்ற எண்ணம் மாறாத வரை சட்டம் ஏட்டில்தான் கிடக்கும்.

படித்துத் தகுதி பெற்றவரை மட்டும் கருவியருகே நிறுத்துங்கள். அவர் படிப்புக்கேற்ற சம்பளம் கொடுங்கள். படம் எடுத்துக்கொள்ளப் போகிறவர்களும் வாய்திறந்து கேட்க வேண்டும்: எடுப்பவர் என்ன படித்திருக்கிறார்? அவர் சட்டையில் பேட்ஜ் இருக்கிறதா? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் உங்கள் உடம்பைக் கதிருக்குக் கொடுக்காதீர்கள்.