381654729: கைதட்டிவிட்டு மறந்துவிடும் எண்ணா?

'எண்களின் அதிசயம்' என்ற தலைப்பில் மின்னஞ்சலிலும் புலனத்திலும் சுற்றிவரும் செய்திகளைப் பலரும் கண்டிருப்பீர்கள். 142857ஐ 2ஆல் பெருக்கினால் 285714. 3ஆல் பெருக்கினால் 428571. அதே இலக்கங்கள் சுழன்று வருகின்றன. 7ஆல் பெருக்கினாலோ 999999! மாணவர்கள் வியந்து கைதட்டுவர். ஆசிரியரும் அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவார். 1ஐ 7ஆல் வகுக்கும்போது தசமப் புள்ளிக்குப் பின் வரும் இலக்கங்களே இவை என்பதை எத்தனை பேர் சொல்லித் தருகிறோம்? காரணம் சொல்லப்படாத கணிதம் கண்கட்டு வித்தையாகிவிடுகிறது. இப்பழக்கம் எனக்கு உடன்பாடானதன்று.

381654729 என்ற எண்ணைப் பாருங்கள். 1 முதல் 9 வரையிலான இலக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரே முறை வந்துள்ளன. முதல் இரண்டு இலக்கங்களான 38, 2ஆல் மீதமின்றி வகுபடும். 381, 3ஆல் வகுபடும். 3816, 4ஆல் வகுபடும். இவ்வாறே சென்று, முழு எண்ணும் 9ஆல் வகுபடும். ஒன்பது இலக்கங்களை 362880 வகைகளில் வரிசைப்படுத்தலாம். அவற்றுள் இப்பண்பு உடையது இது ஒன்றே.

ஆசிரியர்களே, இந்த விடையை வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். நிபந்தனையை மட்டும் வெண்பலகையில் எழுதி, ஒன்பது எண் அட்டைகளை மாணவர் கையில் கொடுங்கள். 0 இல்லாததால் ஐந்தாம் இடத்தில் 5 மட்டுமே நிற்க முடியும். இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் இடங்கள் இரட்டைப்படை இலக்கங்களுக்கு உரியவை. மூன்றாம் இடம் ஒற்றைப்படை என்பதால், 4ஆல் வகுபட வேண்டுமெனில் நான்காம் இடத்தில் 2 அல்லது 6 தான் வரலாம் (12, 16, 32, 36 என எழுதிப் பார்த்தால் பிள்ளைகளுக்கே விளங்கும்). எட்டாம் இடத்திற்கும் அதே கதி. 3க்கும் 6க்கும் இலக்கங்களின் கூட்டுத்தொகை கைகொடுக்கும். 9க்கோ கவலையே இல்லை. எப்படி அடுக்கினாலும் கூட்டுத்தொகை 45 தானே!

இவ்வளவில் 362880 வகைகள் பத்தாகச் சுருங்கிவிடும். அந்தப் பத்தை 7ஆல் வகுத்துப் பார்ப்பது ஒன்றே மிச்சம். வகுபடும் தன்மைக்கு இருபது கணக்குகள் கொண்ட பயிற்றித் தாளைவிட இந்த ஓர் எண் அதிகம் கற்றுத் தரும் என்பது என் துணிபு.

நேரம் இல்லை என்பர் சிலர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. பயிற்றி நூல் மோகம் மட்டும் நம்மை விட்டு அகலவில்லை. கணினி நொடியில் கண்டுபிடித்துவிடுமே என்பர் வேறு சிலர். கண்டுபிடிக்கட்டும். ஐந்தாம் இடத்தில் ஏன் 5 என்று கேட்கும் பிள்ளைக்கு அந்த நொடிப்பொழுது விடை போதாது.

0ஐயும் சேர்த்து, இலக்கங்கள் திரும்ப வரவும் இடம் கொடுத்தால் என்னாகும் என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். அப்போது 3608528850368400786036725 என்ற 25 இலக்க எண்ணைக் காட்டுங்கள். இவ்வரிசையில் இதனினும் பெரிய எண் கிடையாது.

வீட்டில் முயல விரும்பும் பெற்றோருக்கு ஒரு குறிப்பு: எஞ்சிய பத்தில் 147258963உம் ஒன்று. 1472589ஐ 7ஆல் வகுத்தால் 6 மீதம் வரும். ஆகவே அது தள்ளுபடி. மற்ற எட்டையும் நான் இங்கே எழுதப் போவதில்லை.