நுவரெலியாவா, திருச்சியா? சொந்த நாட்டில் சுற்றுலா எட்டாத விலைக்குப் போனது எப்படி

பாடசாலை விடுமுறை நெருங்கும்போது வடக்கில் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. “நுவரெலியாவுக்குப் போற காசோட இன்னும் கொஞ்சம் போட்டா திருச்சிக்கே போய் வந்திடலாம்” என்பதே அது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், திருச்சிதான் மலிவு என்கிறார்கள். ஒரு காலத்தில் வெளிநாட்டுப் பயணம் வசதி படைத்தவர்களின் விடயம். உள்நாட்டுச் சுற்றுலா சாதாரண குடும்பங்களுக்கு உரியது. அந்த வரிசை ஏன் குழம்பியது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்தக் கணக்கின் அடியில் இருப்பது விடுமுறை மட்டுமல்ல. இந்தத் தீவின் கடற்கரைகளும் மலைகளும் யாருக்காக விலை குறிக்கப்படுகின்றன என்ற கேள்வியும் இருக்கிறது.

ஒரு வாகனத்தின் கணக்கு

யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ-9 வழியாகக் கண்டிக்கு 321 கிலோமீற்றர். அங்கிருந்து நுவரெலியா இன்னும் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். போக வர 800 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஹயஸ் வாகனத்தில் போனால், லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடினாலும் 90 லீற்றர் டீசல் வேண்டும்.

2021 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 121 ரூபா. அன்று இந்தப் பயணத்துக்கான எரிபொருள் செலவு 11,000 ரூபாவுக்குள் அடங்கியிருக்கும். 2025 இல் டீசல் விலை 270 ரூபாவுக்கும் 290 ரூபாவுக்கும் இடையில் நின்றது. அதே பயணத்துக்கு எரிபொருள் மட்டும் 25,000 ரூபாவைத் தொட்டது. 2025 ஏப்ரலில் தனியார்துறைக்கு நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபா. அந்தச் சம்பளத்தில் வாழ்ந்த ஒருவரின் ஒரு மாத உழைப்பு டீசல் தாங்கியிலேயே முடிந்துவிட்டது. வாகன வாடகை, சாரதியின் சம்பளம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மறுபக்கம் இந்தியாவுக்கான பாதை கிட்ட வந்திருக்கிறது. போருக்கு முன்னர் தலைமன்னாரில் இருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. 1984 இல் அது நின்றது. அதன் பின்னர் வடக்கில் இருந்து தமிழகம் போவதென்றால் முதலில் தெற்கே கட்டுநாயக்கவுக்குப் போய், அங்கிருந்து வடக்கே பறக்க வேண்டும். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவால் தடைப்பட்ட சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இரண்டாவது நிறுவனமும் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் நேரடிச் சேவை வந்தது. காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பல் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணிநேரம், நாகபட்டினத்துக்குக் கப்பலில் நான்கு மணிநேரம். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகும் நேரத்தை விட இரண்டும் குறைவு.

ரூபா மீண்டது, விலை மீளவில்லை

ஆனால் தூரம் மட்டும் இந்த மாற்றத்தை விளக்காது. 2022 நெருக்கடிக்குப் பிறகு நடந்த ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

2022 இன் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. 2025 இல் அது 300 ரூபாவை ஒட்டி நின்றது. இந்திய ரூபாவும் இதே காலத்தில் டொலருக்கு எதிராக ஓரளவு இறங்கியது. ஆகவே நெருக்கடிக்கு முன்னர் ஏறத்தாழ 2 ரூபா 70 சதமாக இருந்த ஒரு இந்திய ரூபா, 2025 இல் ஏறத்தாழ 3 ரூபா 50 சதம். அதாவது எங்களுக்கு இந்தியக் காசு கிட்டத்தட்ட 30 வீதம் கூடியிருக்கிறது.

உள்நாட்டில் நடந்தது வேறு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் ஏற்றப்பட்டது. பின்னர் சில தடவைகள் குறைக்கப்பட்டாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. 2024 செப்டெம்பர் தொடக்கம் 2025 நடுப்பகுதி வரை பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே இருந்தது. ஆனால் ஏறிய மலையில் இருந்து இரண்டு படி இறங்கியதற்கே அது சமம்.

இதன் விளைவு எளிமையானது. உள்நாட்டில் டீசல் இரண்டு மடங்குக்கும் மேல். இந்தியக் காசு 30 வீதம்தான் கூட. இந்தியா எங்களுக்கு மலிவாகவில்லை. இலங்கைதான் இலங்கையருக்கு அதைவிட வேகமாக விலை ஏறிவிட்டது.

வரியும் இதில் தன் பங்கைச் செய்கிறது. 2022 நடுப்பகுதி வரை 8 வீதமாக இருந்த பெறுமதிசேர் வரி 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 வீதமானது. அதோடு 2.5 வீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி. பெரிய விடுதிகளில் இவற்றோடு 10 வீதச் சேவைக் கட்டணமும் சேரும். இந்தியாவில் ஒரு இரவுக்கு 7,500 இந்திய ரூபாவுக்கு உட்பட்ட அறைகளுக்கு 12 வீதமாக இருந்த வரி, 2025 செப்டெம்பர் 22 முதல் 5 வீதமாகக் குறைக்கப்பட்டது. ஊரில் நாலு அறை வைத்திருக்கும் சிறிய விடுதிக்காரர் வற் வரிக்குப் பதிவு செய்யாதவராக இருக்கலாம். ஆனாலும் அவர் வாங்கும் பொருட்களில் அந்த வரி இருக்கிறது. அதை அவர் அறை வாடகையில்தான் எடுப்பார்.

எங்கள் விடுமுறை, அவர்களின் பருவகாலம்

இன்னொரு காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. வடக்கு, கிழக்குக் குடும்பம் ஒன்று பிள்ளைகளோடு வெளியே போகக்கூடிய காலம் ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் விடுமுறைகள்தான். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். கொழும்பின் வசதி படைத்தவர்கள் அங்கே குவியும் மாதம் அது. ஓகஸ்டில் நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா, அறுகம்பை எல்லாம் ஐரோப்பியர்களின் கோடை விடுமுறைக்குரிய இடங்கள். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களும் அவையே. டிசெம்பரில் தெற்குக் கரை வெளிநாட்டவர்களால் நிரம்பும்.

2018 இல் 23 இலட்சத்தைத் தாண்டிய வெளிநாட்டுப் பயணிகளின் வருகை, 2021 இல் இரண்டு இலட்சத்துக்கும் கீழே போனது. 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. நாட்டுக்கு டொலர் தேவை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இணையத்தில் டொலரில் விலை குறிக்கும் ஒரு விடுதிக்கு, ரூபாவில் உழைக்கும் குடும்பம் கடைசித் தெரிவாகத்தான் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் இதன் இன்னொரு முகம் தெரிகிறது. ஜூலை, ஓகஸ்டில் கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ் நாடுகளில் பாடசாலை விடுமுறை. நல்லூர்த் திருவிழாவும் பெரும்பாலும் அப்போதுதான். புலம்பெயர் உறவுகள் வரும் அந்த வாரங்களில் விடுதி அறை, வாடகை வாகனம், மண்டபம் எல்லாம் அவர்களின் காசுக்கு ஏற்ப ஏறுகின்றன. இதற்காக அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் கொண்டுவரும் காசில்தான் பல சிறு முயற்சிகள் தாக்குப்பிடிக்கின்றன. அவர்களும் சலுகை பெறுவதில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு சிகிரியாவுக்குப் போனால், பிறந்தது பருத்தித்துறையானாலும் வெளிநாட்டவருக்கான டொலர் கட்டணம்தான். ஆனால் மன்னாரில் இருந்தோ முல்லைத்தீவில் இருந்தோ பிள்ளைகளை நல்லூருக்கும் கசூரினாவுக்கும் கூட்டி வந்து இரண்டு நாள் தங்க நினைக்கும் ஒரு குடும்பம், அந்த ஏற்றத்தின் முழுச் சுமையையும் ரூபாவில் தாங்குகிறது.

கரையில் யார் இருக்கிறார்கள்

உள்ளூர்ச் சுற்றுலாவின் விலையைப் பேசும்போது தென்னிலங்கை ஊடகங்கள் தொடாத ஒரு பகுதி உண்டு. காங்கேசன்துறையில் கடலைப் பார்த்தபடி நிற்கும் தல்செவன விடுதி இராணுவத்தினுடையது. காரைநகருக்கு அருகே கடலுக்குள் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையை அண்டிய விடுதி கடற்படையினுடையது. திருகோணமலை மார்பிள் கடற்கரை விடுதி விமானப்படையினுடையது. கல்குடாவிலும் இராணுவத்தின் விடுதி இருக்கிறது.

இந்த விடுதிகளை நடத்தும் படைகளின் சம்பளம் அரச வரவுசெலவுத் திட்டத்தில் இருந்து வருகிறது. நிலத்துக்குச் சந்தை விலை கொடுத்து, வங்கிக் கடனுக்கு வட்டி கட்டி விடுதி நடத்தும் ஒரு உள்ளூர் முதலீட்டாளரால் இவற்றோடு சமமாகப் போட்டியிட முடியாது. நல்ல கரைகளில் சொந்தமாகத் தொழில் செய்யக்கூடியவர்கள் ஒதுங்கிப்போனால் தங்குமிடங்கள் பெருகாது. தங்குமிடங்கள் பெருகாத இடத்தில் விலை இறங்காது.

வலிகாமம் வடக்கு மக்கள் 1990 இல் இடம்பெயர்ந்தார்கள். 2013 இல் அங்கே 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2015 இன் பின்னர் பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. இன்னும் முழுமையாக அல்ல. தன் காணிக்குப் போக முடியாத ஒருவர், அதே ஊர்க் கரையில் அறை வாடகை கொடுத்துத் தங்கலாம் என்பது சுற்றுலா வளர்ச்சிக்கான அடையாளம் ஆகாது.

எல்லாரும் விடுமுறைக்குப் போவதில்லை

இந்தியாதான் மலிவு என்ற முடிவுக்கும் உடனே வந்துவிடக்கூடாது. பெரியவர் ஒருவருக்குக் கடவுச்சீட்டு எடுக்கச் சாதாரண சேவையில் 10,000 ரூபா, ஒருநாள் சேவையில் 20,000 ரூபா. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு இதுவே 40,000 ரூபா. விசா அலுவல்களும் பயணச்சீட்டும் தனி. அங்கே போன பிறகுதான் மலிவு தெரியும். ரயில், அரச பஸ், பழனி, இராமேஸ்வரம், வேளாங்கண்ணி போன்ற இடங்களில் தேவஸ்தான, ஆலய விடுதிகள், தெருவுக்குத் தெரு சாப்பாட்டுக் கடைகள். மூன்று நாள் பயணத்துக்கு இந்தியா மலிவல்ல. பத்து நாள் என்றால் கணக்கு மாறும்.

மேலும், எங்களில் பலர் தமிழகம் போவது விடுமுறைக்காக அல்ல. மருத்துவத்துக்காகப் போகிறார்கள். கல்யாண உடுப்பு எடுக்கப் போகிறார்கள். அங்கே முகாம்களில் இன்னும் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான ஈழத்தமிழர் வாழ்கிறார்கள். அவர்களின் சகோதரங்கள் இங்கே இருக்கிறார்கள். ஐரோப்பாவில் அகதி ஆவணத்தோடு வாழும் மகனால் இலங்கைக்கு வர முடியாது. தாய் சென்னைக்குப் போய்த்தான் அவனைப் பார்க்கிறாள். இந்தப் பயணங்களுக்கு உள்நாட்டில் மாற்றே கிடையாது. விமானக் கட்டணம் ஏறினால் நுவரெலியாவுக்குப் போகலாம் என்று அந்தத் தாய்க்கு யாரும் சொல்ல முடியாது.

ஆனால் பிள்ளைகளுக்காகப் போகும் பயணம் வேறு. இன்று பெற்றோராக இருக்கும் தலைமுறை, பயணம் என்றால் இடம்பெயர்வு என்று அறிந்த தலைமுறை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள், 2006 ஓகஸ்டில் ஏ-9 பூட்டப்பட்டபோது உள்ளே அகப்பட்டவர்கள், 2009 இல் மாத்தளனில் இருந்து வந்தவர்கள் அவர்கள். தங்கள் பிள்ளைகளாவது சோதனைச் சாவடிப் பயம் இல்லாமல் திருகோணமலையையும் மலையகத்தையும் பார்க்கட்டும் என்று நினைப்பது ஆடம்பரம் அல்ல. மட்டக்களப்பில் உள்ள பிள்ளைக்கு யாழ்ப்பாணமும், யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஹற்றனும் தெரியாமல் போனால், ஒரு மொழி பேசும் மக்கள் ஒருவரையொருவர் தொலைக்காட்சியில் மட்டுமே பார்க்கும் நிலை வரும்.

செய்யக்கூடியவை

முதலாவது, 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு பிரதேச சபைகளும் மாநகர, நகர சபைகளும் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு வந்திருக்கின்றன. பயன்படாமல் கிடக்கும் சபைக் கட்டடங்களை எளிமையான குடும்பத் தங்குமிடங்களாக மாற்ற அவற்றால் முடியும். சுத்தமான மலசலகூடம், குடிநீர், படுக்கை, அறிவிக்கப்பட்ட ஒரே விலை. இவ்வளவு போதும்.

இரண்டாவது, அரச ஊழியர்களுக்குத் திணைக்கள விடுதிகளும் ரயில் வாரண்டும் இருக்கின்றன. கடற்றொழிலாளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் கடையில் நிற்கும் பிள்ளைக்கும் அப்படி ஒன்றும் இல்லை. பாடசாலை விடுமுறைக் காலத்தில் திணைக்கள விடுதிகளில் ஒரு பகுதியைப் பொதுமக்களுக்குத் திறக்கலாம்.

மூன்றாவது, ஆலயங்களும் தேவாலயங்களும். மடங்கள் எங்களுக்குப் புதியவை அல்ல. திருவிழாவுக்கு மண்டபம் கட்டும் காசில் ஒரு பங்கை, யாத்திரிகர் தங்கும் அறைகளுக்குப் புலம்பெயர் சங்கங்கள் ஒதுக்கலாம்.

நான்காவது, படைகளின் விடுதிகள். அவற்றைச் சிவில் நிர்வாகத்திடம் கையளிப்பதும் காணிகளை உரியவர்களிடம் கொடுப்பதும் கொழும்பு எடுக்க வேண்டிய முடிவு. 2018 ஒக்டோபரில் காலம் முடிந்த வடக்கு மாகாண சபைக்கு இன்னும் தேர்தல் இல்லை. மாகாணத்தின் சுற்றுலாவைத் திட்டமிட மக்கள் தெரிவு செய்த ஒரு சபை இல்லாத நிலையில், இதைக் கேட்க வேண்டிய பொறுப்பு நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இருக்கிறது.

திருச்சிக்குப் பறப்பது எளிதானதில் குறை இல்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மூடிக்கிடந்த வடக்குவாசல் அது. அது திறந்தே இருக்க வேண்டும். ஆனால் வெளியே போகும் வழி திறந்த அதே காலத்தில், உள்ளே போகும் வழி விலையால் அடைபடுகிறது. அந்த விலையை நிர்ணயிப்பவர்களிடம் ரூபாவில் உழைப்பவர்களின் சார்பில் பேச, இப்போதைக்கு யாரும் இல்லை.