காரில் உட்கார்ந்து வருகிறவளுக்கும் கண் இருக்கிறது!

"கார் விஷயத்துல பொம்பளைங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்கிற வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. ஒன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். அது எப்படி மாறியது என்பதை நம் பக்கத்துச் சகோதரிகளிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நாங்கள் இருப்பது கள்ளக்குறிச்சியில். நாத்தனார் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் டீச்சராக இருக்கிறார். மாதம் ஒரு முறையாவது மளிகைச் சாமான், அத்தை போட்ட ஊறுகாய் என்று மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் பழைய காரில் போய் வருவோம். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டினால் மலைப்பாதை. ஏறும்போது ஒரு குறையும் தெரியவில்லை. திரும்பி இறங்கும்போது ஒரு வளைவில் என் கணவர் பிரேக்கை மிதிக்க, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. அடித்து அடித்து மிதித்து, கைபிரேக்கையும் இழுத்து, ஒரு வழியாக மலையோரமாக நிறுத்தினார். என் மடியில் சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால், பிரேக் ஜம்மென்று பிடிக்கிறது!

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். ஊருக்குள் ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லாத்தானே சார் இருக்கு. மேடம் பயந்துட்டாங்க போல" என்றார் மெக்கானிக். இவரும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த மாதம் ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த மாதம் மறுபடியும் அதே கதை. பிரேக் ஷூ மாற்றினோம். மூன்றாம் தடவையும் பெடல் உள்ளே போனது. மறுபடி பணம்தான் போனது, குறை போகவில்லை. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிடுமே, அது மாதிரி ஒர்க்‌ஷாப் வாசலில் எங்கள் கார் சமர்த்தாகிவிடும்.

காய்ச்சல் என்றதும்தான் எனக்கு யோசனை வந்தது. விட்டுவிட்டுக் காய்ச்சல் அடித்தால் டாக்டர் முதலில் நம்மைத்தானே கேட்கிறார்? காலையிலா, சாயங்காலமா, நடுக்கம் இருக்கா என்று. அதைச் சொல்ல நமக்குத் தெரிகிறது. காருக்கு மட்டும் ஏன் சொல்லக் கூடாது? பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், நடந்ததை ஞாபகப்படுத்தி ஒவ்வொன்றாக எழுதினேன். ஏறும்போதா, இறங்கும்போதா, வெயிலா, மழையா, பெடல் உள்ளே போனதா, கல் மாதிரி இறுகியதா, எத்தனை நேரத்தில் சரியானது.

எழுதி முடித்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. மூன்று தடவையும் இறங்கும்போதுதான், அதுவும் பாதி மலை இறங்கிய பிறகுதான். மூன்று தடவையும் கருகின வாசனை. மூன்று தடவையும் இவர் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு, பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினார். ஒன்றும் ஆகாத அந்த ஒரு மாதம் நல்ல மழை. முன்னால் போன பஸ்ஸுக்குப் பின்னால் செகண்ட் கியரில் ஊர்ந்து வந்தோம்.

நோட்டை எடுத்துக்கொண்டு வேறொரு ஒர்க்‌ஷாப் போனோம். அங்கிருந்த பெரியவர் முழுதும் படித்தார். சிரிக்கவில்லை. "இதை முதல்லயே காட்டியிருந்தா ஷூ மாத்தின காசு மிச்சம்மா" என்றபடி பிரேக் ஆயில் மூடியைத் திறந்தார். உள்ளே டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பு. எத்தனை வருஷமாக மாற்றவில்லையோ!

அவர் சொன்னது இது. பெயர்தான் ஆயில், மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 'டாட் 3' என்கிற வகை புதிதாக இருந்தால் 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். 100க்கு 4 பங்குகூட வேண்டாம், அதற்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் சேர்ந்தாலே 140 டிகிரியில் கொதித்துவிடலாம். மலையில் ஓயாமல் மிதித்தால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியானால், மிதிக்கிற அழுத்தம் சக்கரத்துக்குப் போகாமல் ஆவியை நசுக்குவதிலேயே போய்விடும். ஆறினால் ஆவி அடங்கிவிடும். அப்புறம் சமதரையில் ஓட்டிப் பார்த்தால் என்ன தெரியும்?

பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புதிது ஊற்றி, ஏர் எடுத்துக் கொடுத்தார். ஏறின கியரிலேயே இறங்கணும், நியூட்ரல் போடவே கூடாது என்று இவருக்கு ஒரு பாட்டு! கிளம்பும்போது எனக்கும் இரண்டு விஷயம் சொன்னார். நின்றுகொண்டு பிரேக்கை மிதித்தபடி இருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், ஆயில் மட்டம் குறையாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டர் ரப்பரைப் பார்க்கணும். பெடல் கல்லாக இறுகினால் பூஸ்டர் பக்கம் பார்க்கணும்.

கல்லூரியில் படிக்கும் மகன் இன்னொன்று சொன்னான். 2010 பிப்ரவரியில் டொயோட்டா கம்பெனி, பிரியஸ் முதலான சுமார் 4 லட்சத்து 37 ஆயிரம் கார்களை பிரேக் குறைக்காகத் திரும்ப அழைத்ததாம். மேடு பள்ளத்திலும் வழுக்கும் ரோட்டிலும் ஒரு கணம் பிரேக் விட்டுப் பிடிக்கிறது என்று ஓட்டினவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே வண்டியில் உட்கார்ந்தவர்கள் சொல்ல வேண்டியிருந்தது.

எனக்கு மெக்கானிக் மேலோ, இவர் மேலோ இருக்கிற கோபத்தைவிட என் மேல்தான் அதிகம். முதல் நாளே, "ஏங்க, கருகின வாசனை வருதே" என்றேன். "மலைன்னா அப்படித்தான், சும்மா வா" என்றார். நானும் சும்மா வந்தேன், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு! குழம்பு அடிப்பிடித்தால் கூடத்திலிருந்தே கண்டுபிடிக்கிற மூக்கு நமக்கு. மெக்கானிக்குகளும் கொஞ்சம் மனசு வைக்கணும். ஷூவைக் கழற்றுவதற்கு முன், எப்போ ஆச்சு, எங்கே ஆச்சு என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளையும் சேர்த்துத்தான் கேட்கச் சொல்கிறேன்.

"என் டிரைவிங்கையே நோட்டுல எழுதிட்டியா?" என்று இவர் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். போன மாதம் மலையிலிருந்து இறங்கும்போது செகண்ட் கியரில் பொறுமையாக வந்தார். கோமுகி அணை தெரிகிற இடத்தில் என் பக்கம் திரும்பாமலே, "வாசனை ஏதாவது வருதா?" என்றார். "இல்லீங்க" என்றேன். அன்றைய தேதியையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி.